நெல்லுக்குப் பயோசார் உரம்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பயோசார் என்பது உமி, மரக்கழிவு போன்றவற்றைக் காற்றுக் குறைவாகச் சுட்டு எடுக்கும் கரி. அதைச் சேர்த்துப் பயோசார் உரம் என்று விற்பனைக்கு வருபவற்றில் நெல் வயலில் சொல்லும்படி வேலை செய்வது ஒரு வகைதான்: தழை, மணி, சாம்பல் சத்துகளைக் கரித்தூளோடு சேர்த்து இறுக்கமாக உருட்டிய குருணை. அதையும் மெதுவாகக் கரையும் உரம் என்று மட்டும் நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. மண்ணையே மாற்றிவிடும், கரிமத்தை (கார்பனை) ஏற்றிவிடும் என்று மூட்டையில் அச்சடித்திருப்பதை நம்பி வாங்கினால் கணக்கு உதைக்கும்.

எப்படி உதைக்கும் என்று பார்ப்போம். 15-6-9 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) என்று குறித்த, கரிமம் 12 சதவீதம் உள்ள குருணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 100 கிலோ இட்டால் மண்ணில் சேரும் கரிமம் 12 கிலோ. நெல் வயலின் மேல் 15 செ.மீ. மண் ஏக்கருக்குச் சுமார் 800 டன் எடை இருக்கும். மிகவும் இளைத்த மண், கரிமம் அரை சதவீதம்தான் என்று வைத்தாலும் அதில் ஏற்கெனவே 4,000 கிலோ கரிமம் கிடக்கிறது. அதன்மேல் 12 கிலோ என்பது எந்த மண் பரிசோதனையிலும் தெரியாது. பத்துப் போகம் தொடர்ந்து இட்டாலும் தெரியாது.

அடுத்து அடிக்கடி சொல்லப்படுவது, கரி அமோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது. பிடிக்கும், ஆனால் எவ்வளவு? அந்த 12 கிலோ கரிமத்துக்கு கரி சுமார் 25 கிலோ என்று வைப்போம். நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது அமோனியம் போன்றவற்றைப் பிடித்து வைக்கும் திறன், கிலோவுக்கு 30 சென்டிமோல் என்று தாராளமாகவே கொடுத்தாலும், அது பிடித்து வைக்கக்கூடிய தழைச்சத்து சுமார் 105 கிராம். மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 15 கிலோ. களிமண் வயலில் மண்ணே இதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு பிடித்து வைக்கும்.

உமிக்கரியில் செய்த குருணைக்குச் சிலிக்கான் பெருமையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உமிக்கரியில் சாம்பல் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும், அதில் பெரும்பங்கு சிலிக்கா என்பது உண்மை. ஆனால் 25 கிலோ கரியில் தனிமமாகச் சிலிக்கான் நாலு கிலோ தேறும். ஒரு டன் நெல் விளைய பயிர் எடுத்துக்கொள்ளும் சிலிக்கான் சுமார் 80 கிலோ. ஏக்கருக்கு இரண்டரை டன் விளைந்தால் 200 கிலோ. அதில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுபவர் இந்த நாலு கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

பிறகு ஏன் இதை நல்ல பொருள் என்று சொல்கிறோம்? வேலை நடப்பது குருணையின் உடலமைப்பில். நன்றாக அழுத்தி உருட்டிய குருணையில் கரியின் நுண்துளைகளுக்குள் உர உப்பு இறுகியிருக்கும். பென்டோனைட் போன்ற களிமண் பசை சுற்றிலும் கட்டியிருக்கும். தண்ணீர் உள்ளே போய், கரைந்த சத்து வெளியே வர நேரமாகும். சாதாரண யூரியாவை வீசினால் அது தேங்கிய நீரிலேயே கரைந்து, சில நாட்களில் அமோனியமாக மாறிவிடும். வெயில் ஏற ஏற நீரிலுள்ள பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நடுப்பகலில் வயல்நீரின் பி.எச். (அமில-கார அளவு) 9-ஐத் தாண்டும். அந்த நேரத்தில் நீரில் இருக்கும் அமோனியம் ஆவியாகப் பறந்துவிடும். கனமான குருணை சேற்றில் அமிழ்ந்து அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால், மேல்நீரில் அமோனியம் குறைவாக இருக்கும், இழப்பும் குறையும். வேரும் அந்தக் குருணையைச் சுற்றிப் படரும். ஆகவே மதிப்பிட வேண்டியது குருணை எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது, எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்பதைத்தான். கரியின் பெருமை இரண்டாம்பட்சம்.

மூட்டையின் மேல் பார்க்க வேண்டியவை

சத்து விகிதம் எல்லோரும் பார்ப்பதுதான். அதற்கு அடுத்தபடி கரிமம் எவ்வளவு, கரி எந்தப் பொருளிலிருந்து, எந்த வெப்பத்தில் சுடப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். 'கரிமப் பொருள் 30 சதவீதம்' என்று மட்டும் இருந்தால் அது மட்கிய சாணமாகவோ கரும்புச்சக்கைக் கழிவாகவோகூட இருக்கலாம். இந்த வகை உரத்துக்கென்றே சீனாவில் 2016-இல் ஒரு தரநிலை வந்தது. அதில் இரண்டு வகை: மொத்தச் சத்து 20 சதவீதத்துக்குக் குறையாமல் கரிமம் 9 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது ஒன்று, மொத்தச் சத்து 30-க்கும் கரிமம் 6-க்கும் குறையாமல் இருப்பது இன்னொன்று. எந்த நாட்டு மூட்டையானாலும் இந்த எண்களோடு ஒப்பிட்டால் பொருள் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். 30 சதவீதச் சத்தும் 25 சதவீதக் கரிமமும் ஒரே குருணையில் இருப்பதாக எழுதியிருந்தால் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். யூரியா, டிஏபி, பொட்டாஷ், பசை, ஈரம் எல்லாம் போக அவ்வளவு கரிக்கு அதில் இடம் இருப்பது கடினம்.

கரியின் தரத்தைக் காட்டும் ஓர் எண் உண்டு: ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள மோல் (அணு எண்ணிக்கை) விகிதம். 0.7-க்குக் கீழே இருந்தால்தான் அதைப் பயோசார் என்று பன்னாட்டுத் தரநிலைகள் ஏற்கின்றன. அதற்கு மேல் இருந்தால் அரைகுறையாகச் சுட்ட கரி. உமியை 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சுட்டால் எதிர்ப்பக்கக் கேடு: சிலிக்கா படிகமாகி எளிதில் கரையாமல் போகும், அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது. நெல்லுக்கு 400 முதல் 550 டிகிரி வரை சுட்ட உமிக்கரி போதும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. ரசாயனச் சத்து 30 சதவீதம், அதோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் உயிரோடு இருப்பதாகவும் எழுதிய மூட்டைகள் வருகின்றன. அந்த உப்புச் செறிவில், உலர்த்தும் சூட்டில் பாக்டீரியா பிழைப்பது அரிது. அந்த வரிக்காக ஒரு காசும் அதிகம் தர வேண்டாம்.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனைகள்

ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்க்க அனுமதித்தால் இவற்றைச் செய்துவிடலாம், ஆய்வகம் தேவையில்லை.

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி இருபது குருணைகளைப் போடுங்கள். மிதந்தால் அந்தப் பொருள் நெல்லுக்கு வேண்டாம். வயலில் காற்று அடிக்கும் பக்கம் ஒதுங்கி ஒரு மூலையில் சேரும். மூழ்கி, பத்து நிமிடத்தில் கருஞ்சேறாகக் கரைந்து விழுந்தால் அது சாதாரணக் கலப்பு உரத்தில் கரித்தூள் கலந்தது. மெதுவாக வெளியிடும் குணம் அதில் இல்லை. ஒரு நாள் கழித்தும் வடிவம் குலையாமல், விரலால் நசுக்கினால் மட்டும் உடைந்தால் நல்ல குருணை.

நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்து மீட்டர் கையில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் குருணை, இன்னொரு லிட்டரில் அதே சத்து விகிதமுள்ள சாதாரணக் காம்ப்ளக்ஸ் 10 கிராம். கலக்காமல் வைத்து ஒரு மணி, ஒரு நாள், மூன்று நாள் கழித்து மென்மையாக ஒரே மாதிரி அசைத்து அளந்து பாருங்கள். இரண்டும் முதல் மணியிலேயே கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால், விலை வித்தியாசத்துக்குக் காரணம் கறுப்பு நிறம் மட்டுமே.

மூடி போட்ட சின்னச் சீசாவில் ஒரு கைப்பிடி குருணையைச் சிறிது நீர் தெளித்து வைத்து, அரை மணி கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். அமோனியா நெடி மூக்கைத் தாக்கினால், காரத்தன்மை உள்ள கரியை நடுநிலைக்குக் கொண்டுவராமலே டிஏபி, அமோனியம் சல்பேட்டோடு சேர்த்திருக்கிறார்கள். மூட்டைக்குள்ளேயே தழைச்சத்து ஆவியாகிக்கொண்டிருக்கும், வயலிலும் அதே கதை தொடரும். உரமிட்ட கரிக்கலவையின் பி.எச். 6-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் நல்லது.

கரியை விரலில் தேய்க்கும்போது எண்ணெய்ப்பிசுக்கு ஒட்டினால், புகைத்தார் நெடி அடித்தால், தார் கழியாத கரி. பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்னும் நச்சுப் பொருள்கள் அதில் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. ஐரோப்பியப் பயோசார் சான்றிதழ் அதற்குக் கிலோவுக்கு சுமார் 6 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நல்ல கரியைத் தேய்த்தால் தூள் மட்டும் ஒட்டும், சோப்பு போடாமலே தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

இடும் முறை

குருணை உரத்தின் பலனில் பாதி இடும் விதத்தில் இருக்கிறது. கடைசிச் சேற்றுழவு முடிந்ததும் நீரை வடித்து, மண்ணின் மேல் மெல்லிய படலம் மட்டும் நிற்கும்படி வையுங்கள். குருணையைச் சீராக வீசி, உடனே பரம்படித்து மேல் 5 முதல் 7 செ.மீ. சேற்றில் கலக்க வேண்டும். அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால் அமோனியம் நைட்ரேட்டாக மாறாமல் நிற்கும். வீசிவிட்டு அப்படியே விட்டால் மேல் ஒரு செ.மீ.யில் உள்ள ஆக்சிஜன் படலத்தில் நைட்ரேட்டாகி, கீழே இறங்கியதும் வாயுவாகப் போய்விடும். நடவு முடிந்து 2 முதல் 5 செ.மீ. நீர் கட்டுங்கள். முதல் ஒரு வாரம் மடையைத் திறக்க வேண்டாம், வரப்பில் நண்டு வளை இருந்தால் முன்னதாகவே அடையுங்கள்.

அளவைத் தழைச்சத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். பரிந்துரை ஏக்கருக்கு 40-20-20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 15-6-9 குருணை 100 கிலோவை அடியுரமாக இட்டால் கிடைப்பது 15-6-9 மட்டும். மீதம் 25 கிலோ தழை, 14 கிலோ மணி, 11 கிலோ சாம்பல். மணிச்சத்துக்குச் சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் சுமார் 88 கிலோவைத் தனியாக, குருணைக்கு முன்பே அடியில் இட வேண்டும். சாம்பல்சத்துக்கு மியூரியேட் ஆப் பொட்டாஷ் 18 கிலோ, பாதியை மேலுரமாகக்கூட இடலாம். தழைக்கு யூரியா சுமார் 54 கிலோ, இரண்டு அல்லது மூன்று தவணையில். 'முழு உரம், வேறெதுவும் வேண்டாம்' என்று சொல்லப்படும் குருணையில் விட்டுப்போவது பெரும்பாலும் மணிச்சத்துதான். தூர் கட்டும் பருவத்தில் பயிர் கரும்பச்சையாக, குட்டையாக, தூர் வெடிக்காமல் நின்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

'ஒரே தவணை போதும்' என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். பத்து இலைகளில் ஆறேழு, நடவு செய்த பெரும்பாலான ரகங்களுக்கு உரிய 4-ஆம் வண்ணத்துக்குக் கீழே போனால் யூரியா கொடுக்க வேண்டியதுதான். குருணை நன்றாக வேலை செய்திருந்தால் இந்தக் கட்டம் தள்ளிப்போகும், தவணை ஒன்று குறையலாம். மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

கெடும் இடங்கள்

களைக்கொல்லி முதலில். பிரிடிலாகுளோர், பூட்டாகுளோர் போன்ற முளைக்கும் முன் தெளிக்கும் மருந்துகளைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். குருணையில் கரி அளவு குறைவு, சேற்றுக்குள் புதைந்திருக்கும், அதனால் சேதம் சிறிது. ஆனால் டன் கணக்கில் உமிக்கரித்தூளை மேலே தூவிய வயலில் மருந்து வேலை செய்யாது, குதிரைவாலிப் புல் தலைதூக்கும். அளவைக் கூட்டித் தெளிப்பது தீர்வல்ல. தூளை முன்கூட்டியே உழுது கலந்துவிடுங்கள், இல்லையென்றால் கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துத்தநாகம். நீர் கட்டிய, பி.எச். 7.5-க்கு மேலுள்ள மண்ணில் ஏற்கெனவே அது கிடைப்பது கடினம். காரக் கரி அதை மேலும் இறுக்கும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளில் துருப்பிடித்த புள்ளிகள், நடுநரம்பு அடியில் வெளுப்பு, வயலில் திட்டுத்திட்டாக வளர்ச்சிக் குறைவு தெரியும். இதை 'உரம் சூடு' என்று நினைத்து நீர் மாற்றுவார்கள், பயனில்லை. ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை அடியில் இட்டுவிட்டால் பிரச்சினை வராது. பாஸ்பேட் உரத்தோடு மட்டும் கலக்க வேண்டாம். களர் நிலத்துக்கு இந்த உரத்தை, அதிலும் தனிக் கரித்தூளை, நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். அங்கே தேவை ஜிப்சமும் வடிகாலும்.

ஆர்செனிக் உள்ள நிலத்தடி நீர் பாயும் வயலுக்கும் ஒரு சொல். கேட்மியம் மிகுந்த மண்ணில் கரி அதை நெல்மணிக்குப் போகாமல் குறைக்கிறது. ஆர்செனிக் அப்படியல்ல. நீர் நின்ற மண்ணில் கரி அதை இளக்கிவிடவும் கூடும். அங்கே நீரைக் காயவிட்டுப் பாய்ச்சுவதுதான் முதல் வேலை.

மற்ற வடிவங்கள்

தனிக் கரித்தூள். இதைக் குருணையோடு ஒப்பிடவே கூடாது, இது மண் திருத்தி. அமில மண், மணற்பாங்கான மண், சத்துத் தங்காத மண் என்றால் ஹெக்டேருக்கு டன் கணக்கில் இட்டால் பலன் தரும். 2017-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பயோசார் இட்ட வெப்பமண்டல நிலங்களில் சராசரி 25 சதவீத விளைச்சல் உயர்வும், மிதவெப்ப நாடுகளில் சராசரியாக ஒன்றுமில்லை என்றும் கண்டது. உயர்வுக்குக் காரணம் கரி அமிலத்தை முறித்ததும், தன்னோடு சத்தைக் கொண்டுவந்ததும். அந்த 25-ஐ எடுத்து, ஏக்கருக்கு 12 கிலோ கரிமம் தரும் குருணை விளம்பரத்தில் ஒட்டுவதுதான் இந்த வணிகத்தில் நாம் பார்க்கும் பெரிய புரட்டு. தூளுக்கு இடமும் ஆளும் வேண்டும்: ஒரு டன் உமிக்கரி ஐந்து முதல் ஏழு கன மீட்டர் வரை பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு எடைக்கு நீர் தெளித்து, மட்கிய தொழுவுரத்தோடு சரிபாதிக் கன அளவில் கலந்து மூன்று நான்கு வாரம் வைத்து, காய்ந்த உழவில் போட்டு உழ வேண்டும். நீர் கட்டிய பிறகு தூவினால் மிதந்து கடைமடைக்குப் போய்விடும்.

நாற்றங்காலில் உமிக்கரிக்கு நல்ல மரியாதை உண்டு. தட்டு நாற்றுக்கு மண் கலவை எடை குறையும், வேர் பாய்போலப் பின்னும். ஆனால் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நெல் நாற்றுக்கு 4.5 முதல் 5.5 வரை பி.எச். இருந்தால் அழுகல் நோய் அடங்கும். கரி கூடினால் பி.எச். ஏறி நாற்று வெளுக்கும், அழுகும்.

கரி பூசிய கறுப்பு யூரியா. பூச்சு மெல்லியது, மூட்டைக்குள் உராய்ந்தே பாதி உதிரும். வெள்ளைத் துணியில் ஒரு கைப்பிடியை வைத்துத் தேயுங்கள். யூரியா வெள்ளையாக வெளியே வந்தால் சாதாரண யூரியா விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

திரவப் 'பயோசார் சாறு'. கரி நீரில் கரையாது. பாட்டிலில் இருப்பது கரி சுடும்போது கிடைக்கும் புகைநீர் அல்லது நிறமேற்றிய ஹியூமிக் (மட்கு அமில) கரைசல். பயோசார் உரம் என்ற பெயரில் அதை வாங்க ஒரு காரணமும் இல்லை.

யாருக்கு லாபம்

விலையை இப்படிப் பிரியுங்கள். மூட்டையிலுள்ள தழை, மணி, சாம்பல் சத்தை யூரியா, சூப்பர், பொட்டாஷாக வாங்கினால் என்ன விலையோ அதைக் கழியுங்கள். மீதி, குருணையாக்கியதற்கு நீங்கள் கொடுப்பது. அது, ஒரு தவணை யூரியாவும் அதை வீசும் கூலியும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருந்தால் பேரம் படியும். நீர் சீக்கிரம் இறங்கும் மணற்கலப்பு வயல், மேலுரத்துக்கு ஆள் கிடைக்காத இடம், இவற்றுக்கு ஏற்றது. தழைச்சத்தை 10 முதல் 20 சதவீதம் வரை குறைத்துப் பார்க்கலாம். நீர் நிற்கும் கனமான களிமண்ணில், தவணை பிரித்து ஒழுங்காக யூரியா இடுபவருக்கு இது கூடுதலாக எதுவும் தராது.

சோதித்துப் பார்க்க நினைப்பவர் வயலை இரண்டாகப் பிரித்தால் போதாது, நான்கு பாத்தி வேண்டும்: வழக்கமான உரம் முழு அளவில், வழக்கமான உரம் தழை 20 சதவீதம் குறைத்து, குருணை முழு அளவில், குருணை 20 சதவீதம் குறைத்து. இரண்டாவது பாத்தியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், இதுவரை தேவைக்கு மேல் இட்டு வந்த யூரியாவைக் குறைத்ததால் வந்த மிச்சம் முழுவதும் குருணையின் கணக்கில் ஏறிவிடும். பாத்திகளுக்கு இடையே வரப்பும் தனித்தனி மடையும் அவசியம். அறுவடையில் ஓரத்தை விட்டு நடுவில் 10 சதுர மீட்டர் அறுத்து, தூற்றி, ஈரப்பதம் பார்த்து எடை போடுங்கள். எடையை, நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்குரிய எடை கிடைக்கும். அங்கே ஒரு கிலோ வித்தியாசம் என்றால் ஏக்கருக்கு 405 கிலோ.

வீட்டிலேயே கலந்து கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: கரித்தூளை அமோனியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட்டோடு உலர்வாகக் கலக்கவே கலக்காதீர்கள், அது தீப்பிடிக்கும் கலவை. யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் சேர்த்தால் கசிந்து குழம்பாகும். யூரியாவை மட்டும், இடும் அன்றே, ஈரமாக்கிய கரியோடு புரட்டி அப்போதே சேற்றில் இறக்கலாம். புதிதாகச் சுட்ட கரியை ஆறி, நீர் தெளித்து, குறைந்தது இரண்டு நாள் வெளியில் கிடத்திய பிறகே கொட்டகைக்குள் எடுத்துச் செல்லுங்கள். குவியலின் நடுவில் கனல் ஒளிந்திருக்கும்.